சிறு விமானத்தில் கார் பெட்ரோல்: ஆல்கஹாலைக் கண்டுபிடிக்க எந்த வழி நல்லது?

கார் பெட்ரோலைச் சிறு விமானத்தில் ஊற்றலாமா என்பதற்கு எஞ்சின் கையேட்டிலும் விமானத்தின் கையேட்டிலும் விடை இருக்கிறது. ஊற்றப்போகும் பெட்ரோலில் ஆல்கஹால் கலந்திருக்கிறதா என்பதற்கு எந்தக் கையேட்டிலும் விடை இருக்காது. அதை ஒவ்வொரு கேனாக நாமே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு வழிகள் பல. சிலவற்றுக்குச் செலவே இல்லை, சிலவற்றுக்குக் கணிசமாகச் செலவாகும்; செலவுக்கும் நம்பகத்துக்கும் நேரான தொடர்பும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டாலில் பறக்கும் நம்மவர்களை மனத்தில் வைத்து அந்த வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

என்னோடு விமானத்தில் பங்கு வைத்திருக்கும் சாட்ஸ்வர்த் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, நம் நாட்டில்தான் பெட்ரோலில் எத்தனால் என்ற ஆல்கஹாலைக் கலப்பது இன்னும் நடைமுறைக்கே வரவில்லையே, பிறகு எதற்கு இந்தச் சோதனை?" நியாயமான கேள்வி. தென்னாப்பிரிக்க அரசு 2012இல் வெளியிட்ட விதிகளின்படி, 2015 அக்டோபர் 1 முதல் பெட்ரோலில் 2 முதல் 10 சதவீதம் வரை உயிரி எத்தனால் கலக்கப்பட வேண்டும். விதி ஏட்டில் இருக்கிறது. நாடு முழுக்கக் கலப்பது நடக்கவில்லை. ஆனால் கட்டாயமாகக் கலக்கவில்லை என்பதை வைத்துக்கொண்டு, கலந்திருக்கவே முடியாது என்று முடிவு கட்டிவிட முடியாது.

அப்படிச் சொல்ல எனக்கு இரண்டு காரணங்கள். செகுண்டாவில் சசோல் நிறுவனம் நிலக்கரியிலிருந்து பெட்ரோல் தயாரிக்கிறது. அந்தத் தயாரிப்பில் எத்தனாலும் அதைவிடக் கனமான ஆல்கஹால்களும் கூடவே கிடைக்கின்றன. 1980களில் ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா வட்டாரத்தில் அந்த ஆல்கஹால்கள் கலந்த பெட்ரோல் சாதாரணமாக விற்பனையில் இருந்தது. இந்த நாட்டுக் கார்களுக்கு ஆல்கஹால் புதிதே இல்லை.

இரண்டாவது காரணம் நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. டர்பனின் மெரிபேங்க் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைபோக்கிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என்ஜென் ஆலையில் 2020 டிசம்பரில் தீப்பிடித்தது. அதன்பின் அங்கே கச்சா எண்ணெய் சுத்திகரிக்கப்படவில்லை, அந்த இடம் இறக்குமதிக் கிடங்காக மாறிவிட்டது. சாப்ரெஃப் ஆலை 2022 மார்ச் இறுதியில் வேலையை நிறுத்தியது. அடுத்த மாதமே வந்த பெருவெள்ளத்தில் தண்ணீர் அதற்குள்ளும் புகுந்தது. முன்பு வேலிக்கு அந்தப் பக்கம் காய்ச்சி வடித்த பெட்ரோலைத்தான் நம் நிலையங்களில் வாங்கினோம். இப்போது டர்பன் துறைமுகத்தில் கப்பலில் வந்து இறங்குவதை வாங்குகிறோம். கப்பலுக்குக் கப்பல் கலவை மாறலாம். பெட்ரோலுக்கான தர அளவுகள் கார்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அந்த அளவுக்குள் இருக்கும் பெட்ரோல் காருக்கு நல்லதாகவும் விமானத்துக்குக் கெட்டதாகவும் இருக்க முடியும்.

எத்தனால் மீது எனக்குப் பகை எதுவும் கிடையாது. 1860இல் 'ட்ரூரோ' கப்பலில் வந்து இறங்கிய நம் முன்னோர்கள் வெட்டியதும் கரும்புதான். கரும்புச் சக்கையும் பாகும் வீணாகாமல் எரிபொருளானால் இந்தக் கரையோரத்துக் கரும்பு விவசாயிக்கு அது நல்ல காலம். நூறு ஆண்டுகளுக்கு முன்பே கரும்பிலிருந்து வடித்த ஆல்கஹாலோடு ஈத்தர் சேர்த்து 'நட்டாலைட்' என்ற மோட்டார் எரிபொருள் இந்த மாகாணத்தில்தான் உருவானது. கார் ஓடட்டும். என் அக்கறையெல்லாம் இறக்கைக்குள் இருக்கும் தொட்டியைப் பற்றியது.

ஆல்கஹால் அங்கே என்ன செய்கிறது?

பல கேடுகள் உண்டு. அவற்றில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் நிலப்பரப்புக்கே பொருந்தி வரும் கேடு அது.

சாதாரணப் பெட்ரோலில் தண்ணீர் கரைவதே இல்லை என்று சொல்லிவிடலாம். இறங்கும் தண்ணீர் தொட்டியின் அடியில் போய்த் தங்கும். பறப்பதற்கு முன் அடியிலிருந்து கொஞ்சம் பிடித்துப் பார்த்தால் குமிழாகத் தெரியும், வடித்துவிடலாம். எத்தனால் கலந்துவிட்டால் கதை மாறிவிடுகிறது. 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 15 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய அரை சதவீதம் தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 60 லிட்டர் தொட்டியில் அது 300 மி.லி. தண்ணீர். அடியிலிருந்து பிடித்துப் பார்த்தாலும் தெளிவாகத்தான் இருக்கும், ஒரு துளியும் பிரிந்து நிற்காது. நாமும் திருப்தியாகக் கிளம்பிவிடுவோம்.

இப்போது டர்பனின் கோடைக் காலையை நினைத்துப் பாருங்கள். 28 டிகிரி, கடற்காற்றில் அவ்வளவு ஈரம். அங்கிருந்து கிளம்பி டிராகன்ஸ்பர்க் மலைகளை நோக்கி ஏறுகிறோம். சிகரங்கள் 3000 மீட்டரைத் தாண்டுகின்றன. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற பொதுக் கணக்கில் அங்கே வெளிக்காற்று 8 டிகிரிக்கு வந்துவிடும். பெட்ரோல் குளிரக் குளிர அது தாங்கக்கூடிய தண்ணீரின் அளவும் குறைகிறது. ஒரு கட்டத்தில் தண்ணீரும் ஆல்கஹாலும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். எஞ்சினுக்குப் போகும் குழாய் இருப்பதும் அடியில்தான். எஞ்சின் நின்றுபோகும்போது கீழே இருப்பது புல்வெளி ஓடுதளம் இல்லை, பாறைச் சரிவு.

மேலே மிஞ்சும் பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்லை. ஆல்கஹால் கொடுத்துக்கொண்டிருந்த ஆக்டேன் (எஞ்சினுக்குள் தட்டல் வராமல் தடுக்கும் திறனின் எண்) அதோடு போய்விட்டதால் இரண்டு மூன்று எண்கள் இறங்கியிருக்கும். 100 குதிரைத்திறன் உள்ள ரோடாக்ஸ் 912 யூ.எல்.எஸ். எஞ்சினுக்குக் குறைந்தது 95 ஆக்டேன் வேண்டும். 95 என்று நம்பி ஊற்றியது 92 ஆகிவிட்டால், முழு விசையில் ஏறும்போது எஞ்சினுக்குள் தட்டல், அதாவது பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது, தொடங்கிவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ரப்பர் வளையங்களும் குழாய்களும் ரப்பர் பை வகைத் தொட்டிகளும் ஊதி இளகும். தொட்டியின் உட்பூச்சு உரிந்து வடிகட்டியை அடைக்கும். சில கண்ணாடியிழைத் தொட்டிகளின் பிசின் மென்மையாகும். ஆவியழுத்தம் ஏறக்குறைய 7 கிலோபாஸ்கல் கூடுவதால் வெயில் நேரத்தில், உயரத்தில், எரிபொருள் குழாயில் ஆவிப்பூட்டு (ஆவிக் குமிழ் அடைத்துப் பெட்ரோல் வராமல் போவது) விழ வாய்ப்பு அதிகம். 10 சதவீதக் கலவையில் ஆற்றல் மூன்று நான்கு சதவீதம் குறையும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2006இல் வெளியிட்ட எச்சரிக்கை அறிவிப்பும் ஏறத்தாழ இதே காரணங்களைத்தான் அடுக்குகிறது. அங்கே 1982 முதல் செஸ்னா 150 போன்ற விமானங்களுக்குக் கார் பெட்ரோல் அனுமதி உண்டு. ஆனால் ஆல்கஹால் கலந்த பெட்ரோல் அந்த அனுமதிக்கு வெளியே.

கேட்டுத் தெரிந்துகொள்வதும் காகிதத்தை நம்புவதும்

இங்கே பெட்ரோல் நிலையத்தில் நாமே பிடித்துக்கொள்வதில்லை. ஊழியர்தான் பிடித்துத் தருகிறார். அன்பாகப் பேசுவார், கண்ணாடியும் துடைத்துத் தருவார். நிலத்தடித் தொட்டியில் என்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? பம்பில் பெரிதாக எழுதியிருக்கும் 93, 95 என்ற எண்கள் ஆக்டேனைச் சொல்கின்றன. ஆல்கஹாலைப் பற்றி அவற்றிலிருந்து எதுவும் தெரியாது. விலையை வைத்தும் ஊகிக்க வழியில்லை. பெட்ரோல் விலையை அரசு நிர்ணயித்து மாதத்தின் முதல் புதன்கிழமை மாற்றுகிறது.

சங்கமாகச் சேர்ந்து கிடங்கிலிருந்து மொத்தமாக வாங்குபவர்களுக்கு அந்தத் தொகுதியின் தரச் சான்றிதழ் கிடைக்கும். அதை வாங்கிக் கோப்பில் வையுங்கள், மதிப்புள்ள காகிதம். ஆனால் அது கிடங்குத் தொட்டியைப் பற்றிப் பேசுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பெட்ரோல் லாரியில் ஏறியது, முன்னால் வேறு ஏதோ ஏற்றிய தொட்டியில் பயணம் செய்தது, நம் தொட்டியில் மிச்சமிருந்ததோடு கலந்தது. இவற்றில் எதுவும் காகிதத்தில் இல்லை.

மூக்கு, அடர்த்திமானி

மோந்து பார்த்துச் சொல்லிவிடுவேன் என்பவர்கள் எல்லா ஓடுதளத்திலும் இருக்கிறார்கள். 5 சதவீத எத்தனாலைப் பெட்ரோல் நெடியிலிருந்து எந்த மூக்காலும் பிரித்தறிய முடியாது.

தமிழ்நாட்டுப் பெட்ரோல் பங்குகளில் அடர்த்தி பார்த்துப் பழகியவர்கள் அடர்த்திமானியைக் கேட்பார்கள். அதுவும் உதவாது. பெட்ரோலின் அடர்த்தியே இயல்பாக 0.72 முதல் 0.775 வரை மாறும். எத்தனாலின் அடர்த்தி 0.789. பத்தில் ஒரு பங்கு கலந்தாலும் மூன்றாவது தசம இடத்தில்தான் மாற்றம் தெரியும். அந்த மாற்றம் ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இருக்கும் இயல்பான வித்தியாசத்துக்குள் மறைந்துபோகும். இந்த இரண்டையும் தயங்காமல் ஒதுக்கிவிடலாம்.

தண்ணீர்ச் சோதனை

ஆல்கஹாலுக்குப் பெட்ரோலைவிடத் தண்ணீர்மீதுதான் ஈர்ப்பு அதிகம். இந்த ஒன்றை நம்பித்தான் சோதனையே நிற்கிறது.

100 மி.லி. அளவு ஜாடி ஒன்று, இறுக்கமான மூடியோடு. கண்ணாடி ஜாடியாக இருந்தால் நல்லது. மலிவான தெளிந்த பிளாஸ்டிக் பெட்ரோல் பட்டதும் மங்கி இளகிவிடும். ஒல்லியாகவும் உயரமாகவும் இருக்க வேண்டும், அப்போதுதான் கோடு ஒரு மி.லி. நகர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியும். முதலில் 10 மி.லி. தண்ணீர். அதன்மேல் 100 கோடு வரை பெட்ரோல். மூடி, ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்கும்போது உள்ளே அழுத்தம் ஏறும். முகத்துக்கு எதிரே பிடிக்காமல் மூடியை மெல்லத் தளர்த்தி ஆவியை விட வேண்டும். பிறகு சமதளத்தில் வைத்துப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். திறந்த வெளியில், நிழலில், தீயும் மின்பொறியும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். ஹேங்கரின் உள்ளே வேண்டாம்.

முதலில் ஜாடி முழுவதும் பால்போலக் கலங்கியிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக மேலிருந்து தெளியத் தொடங்கும். சிறு சிறு மணிகளாகத் தண்ணீர் சுவரோரம் இறங்கி அடியில் சேரும். இரண்டுக்கும் நடுவே சில நேரம் மெல்லிய வலைபோல ஒரு நுரை நிற்கும். பெட்ரோலில் சேர்க்கும் துப்புரவு வேதிப்பொருள்களின் வேலை அது. லேசாகத் தட்டிவிட்டு இன்னும் சில நிமிடம் காத்திருந்தால் போய்விடும். அவசரப்பட்டு நுரையின் மேல்விளிம்பைக் கோடாக எடுத்துக்கொண்டால் இல்லாத ஆல்கஹாலை இருப்பதாகச் சொல்லிவிடுவோம். கண்ணைக் கோட்டின் மட்டத்துக்கே இறக்கிப் பார்க்க வேண்டும்.

கோடு 10இலேயே நின்றால் கண்ணில் படும் அளவுக்கு எத்தனால் இல்லை. 14க்கு ஏறியிருந்தால் 90 மி.லி. பெட்ரோலிலிருந்து 4 மி.லி. தண்ணீருக்கு மாறியிருக்கிறது; அதாவது குறைந்தது 4.4 சதவீதம். 18 பக்கம் போனால் அது 10 சதவீதக் கலவை. குறைந்தது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: ஆல்கஹால் முழுவதும் தண்ணீருக்கு மாறுவதில்லை, கொஞ்சம் பெட்ரோலிலேயே தங்கிவிடும். ஆகவே இந்தச் சோதனை எப்போதும் உண்மையைவிடக் கொஞ்சம் குறைத்தே காட்டும்.

கோடு தெளிவாகத் தெரிய, கேசரிக்குப் போடும் நிறப்பொடியைத் தண்ணீரில் ஒரு துளி கலந்துகொள்ளலாம். பக்கத்தில் இருக்கிறதே என்று மஞ்சள்தூளைப் போடாதீர்கள். அதன் நிறம் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில்தான் நன்றாகக் கரையும். ஜாடி முழுக்கக் குழம்பிவிடும்.

இந்தச் சோதனையை நம்புவதற்கு முன் கண்ணைப் பழக்க வேண்டும். ஆல்கஹால் இல்லாதது என்று உறுதியாகத் தெரிந்த விமானப் பெட்ரோலில் ஒரு முறை செய்து பாருங்கள். பிறகு அதே விமானப் பெட்ரோல் 95 மி.லி.யோடு கடையில் கிடைக்கும் ஊதா நிற மெத்திலேட்டட் ஸ்பிரிட் 5 மி.லி. சேர்த்து இன்னொரு முறை. இல்லாததற்கும் 5 சதவீதம் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு சந்தேகம் எழாது. அதைச் செய்யாமல் கையேட்டைப் படித்து மட்டும் சோதிப்பவர்களின் முடிவை நான் ஏற்பதில்லை.

குறைகளும் உண்டு. இரண்டு சதவீதத்துக்குக் கீழே கோட்டின் நகர்வு கண்ணுக்குப் பிடிபடுவது கடினம். அதைவிட முக்கியமானது, பியூட்டனால் போன்ற கனமான ஆல்கஹால்கள். அவை தண்ணீரில் அரைகுறையாகத்தான் கரையும், பெரும்பகுதி பெட்ரோலோடு தங்கிவிடும். நிலக்கரியிலிருந்து எரிபொருள் எடுக்கும் நாட்டில் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். உள்நாட்டுப் பக்கம், ஜோகன்னஸ்பர்க் போய் நிரப்புபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எம்.டி.பி.இ. போன்ற ஈத்தர்களும் இந்தச் சோதனையில் தெரியாது. ஆனால் அவை தண்ணீரை இழுத்துப் பிரியும் குணம் உள்ளவை இல்லை என்பதால் நம் கவலை அவற்றைப் பற்றியது அல்ல.

தண்ணீருக்குப் பதில், ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைகோலை வைத்து இதே சோதனையைச் செய்பவர்களும் உண்டு. தண்ணீர்ச் சோதனையில் சந்தேகம் வந்தால் இரண்டாவது பார்வையாக அதைச் செய்யலாம். கடையில் விற்கும் சோதனைக் குழாய்களும் பெரும்பாலும் இதே தண்ணீர்ச் சோதனைதான், கோடுகளை அழகாக அச்சிட்டுப் பெட்டியில் தருகிறார்கள். பைக்குள் வைத்துக்கொள்ளச் சின்னதாக இருக்கும் என்பதுதான் அவற்றின் லாபம். குழாய் குட்டையாக இருந்தால் நுண்மை குறையும்.

மின்னணு உணரி

எந்த விகிதத்தில் எத்தனால் கலந்தாலும் ஓடும் கார்களுக்காக உருவான உணரி இது. பெட்ரோலின் மின்கடவா எண் (மின்புலத்தில் ஒரு பொருள் மின்னாற்றலைச் சேர்த்துவைக்கும் திறனின் அளவு) சுமார் 2, எத்தனாலுக்கு 25 பக்கம்; அந்த வித்தியாசத்தை அளந்து அதிர்வெண்ணாகச் சொல்லும். எத்தனால் இல்லையென்றால் 50 ஹெர்ட்ஸ், முழு எத்தனால் என்றால் 150 ஹெர்ட்ஸ். ஒரு சிறு திரையோடு இணைத்து, கேனிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாயிலேயே பொருத்திவிட்டால், ஊற்ற ஊற்ற எண் தெரியும். யாரும் குலுக்க வேண்டாம், காத்திருக்க வேண்டாம்.

எனக்கு இது பிடித்த கருவிதான். ஆனால் நம் தேவைக்கு இதன் பலவீனம் சரியாக நமக்குத் தேவையான இடத்தில் இருக்கிறது. 10க்கும் 85க்கும் உள்ள வித்தியாசத்தைக் காரின் கணினிக்குச் சொல்லவே இதை உருவாக்கினார்கள். பூஜ்யமா, இரண்டா, மூன்றா என்று நாம் கேட்கும் கேள்விக்கு இது தடுமாறும். தண்ணீரின் மின்கடவா எண் 80. ஈரம் கொஞ்சம் கலந்திருந்தாலே எண் எகிறிவிடும், அது ஆல்கஹாலா தண்ணீரா என்று நமக்குத் தெரியாது. ஒரே பம்பிலிருந்து பலருக்கு நிரப்பும் சங்கத்துக்குக் காவலாக வைத்துக்கொள்ளலாம். எண் எகிறினால் நிறுத்திவிட்டு ஜாடியை எடுக்க வேண்டும்.

ஆய்வகம்

வாயு நிறப்பகுப்பாய்வில் எந்த ஆல்கஹால், எவ்வளவு, ஈத்தர் உண்டா என்பது வரை தனித்தனியாகத் தெரிந்துவிடும். மேலே சொன்ன கனமான ஆல்கஹால் பிரச்சினைக்கு இதுதான் உறுதியான விடை. துல்லியத்தில் இதற்கு நிகர் எதுவும் இல்லை. ஆனால் மாதிரியை அனுப்பி முடிவு வருவதற்குள் அந்தப் பெட்ரோல் விற்றுத் தீர்ந்திருக்கும், நிலையத்துக்கு அடுத்த லாரியும் வந்திருக்கும்.

என் தராசில் இதுவே எடை கூடிய விஷயம். சோதனை எவ்வளவு துல்லியமானது என்பதற்கு முன்னால், அது கேனுக்கும் தொட்டிக்கும் நடுவே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். காகிதம் முன்னாலேயே எழுதப்பட்டுவிடுகிறது. ஆய்வகம் பின்னால் வருகிறது. ஜாடி மட்டும்தான் ஊற்றும் நேரத்தில், ஊற்றும் பெட்ரோலைப் பற்றியே பேசுகிறது. ஆய்வகத்தை எப்போதாவது பயன்படுத்துங்கள்: வழக்கமாக வாங்கும் நிலையத்தின் பெட்ரோலை ஜாடியிலும் ஆய்வகத்திலும் ஒரே நேரத்தில் பார்த்தால் ஜாடி எவ்வளவு தூரம் உண்மை சொல்கிறது என்று தெரியும்.

யாருக்கு எது?

பழைய செஸ்னாவோ பைப்பரோ வைத்திருப்பவர்கள் முதலில் தங்கள் விமானத்துக்குக் கார் பெட்ரோல் அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தாலும் ஆல்கஹாலுக்கு இடமில்லை. கோடு அசைந்தாலே அந்தக் கேன் வேண்டாம். தொட்டி ரப்பர் பை வகையாக இருந்தால் என் கருத்தில் இந்த ஒப்பீடே தேவையில்லை. விமானப் பெட்ரோலையே வாங்கிவிடுங்கள். மிச்சமாகும் காசு ஒரு பையை மாற்றும் செலவுக்கு ஈடாகாது.

ரோடாக்ஸ் 912 வகை எஞ்சின்களுக்கு 10 சதவீதம் வரை எத்தனால் சேரலாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே டெடர்ஃபீல்டில் தயாராகும் ஸ்லிங் விமானங்கள் முதல் திறந்த வெளியில் உட்கார்ந்து பறக்கும் சிறு டிரைக்குகள் வரை இங்கே பலவற்றில் ரோடாக்ஸ்தான். அதைக் கேட்டதும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். எஞ்சின் தாங்கும் என்று எஞ்சின் தயாரிப்பாளர் சொல்லலாம். தொட்டி, குழாய், பூச்சு, மானி பற்றி விமானத்தைக் கட்டியவர்தான் சொல்ல வேண்டும். அவர் எழுத்தில் அனுமதிக்காதவரை எத்தனால் கூடாது. அனுமதித்திருந்தாலும் மலைப் பக்கம் போகும் நாளில் ஆல்கஹால் இல்லாத பெட்ரோலையே ஊற்றுங்கள். கரையோரம் தாழ்வாகச் சுற்றிவிட்டு அன்றே தொட்டியைக் காலி செய்பவருக்கும், வாரக்கணக்கில் நிரப்பி வைத்துவிட்டு அண்டர்பெர்க்கின் உறைபனிக் காலையில் கிளப்புபவருக்கும் ஒரே விதி பொருந்தாது.

ரோடாக்ஸ்காரர்கள் பயந்துபோய் எப்போதும் விமானப் பெட்ரோலே ஊற்றுவதும் நல்லதில்லை. அதில் ஈயம் இருக்கிறது. இயங்கும் நேரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் அதையே பயன்படுத்தினால் 25 மணி நேரத்துக்கு ஒருமுறை எஞ்சின் எண்ணெயை மாற்றச் சொல்கிறது கையேடு. ஈயப் படிவு ஸ்பார்க் பிளக்கிலும் கியர் பெட்டியிலும் சேர்கிறது. இவர்களுக்குச் சோதித்த 95 கார் பெட்ரோல்தான் எஞ்சினுக்கும் நல்லது, பணப்பைக்கும் நல்லது. ஆகவே ஜாடி இவர்களுக்குத்தான் மிகவும் அவசியம்.

இரண்டு வீச்சு எஞ்சின்கள், ரோடாக்ஸ் 503, 582 போன்றவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 503இல் பெட்ரோலில் எண்ணெய் கலந்துதான் ஊற்றுகிறோம். 582இலும் அப்படிச் செய்பவர்கள் உண்டு. தண்ணீரும் ஆல்கஹாலும் அடியில் பிரிந்தால் எண்ணெய் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். எஞ்சினுக்குள் போகும் அந்த அடி அடுக்கில் மசகு இல்லை. சில நொடிகள் ஓடினாலும் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். இந்த எஞ்சின்களுக்கு ஆல்கஹால் சோதனையில் தளர்வே கூடாது.

சோதனையில் தோற்ற கேனால் நஷ்டம் எதுவும் இல்லை. நேராகக் காரில் ஊற்றிவிடலாம். ஜாடியில் தண்ணீர் பட்ட 100 மி.லி. மட்டும் கழிவு. இவ்வளவு குறைந்த செலவில் கிடைக்கும் சோதனையைத் தவிர்ப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. தம்பிக்கும் இதையேதான் சொன்னேன். "சரி அண்ணா, ஆனால் ஒவ்வொரு முறையும் பத்து நிமிடமா?" என்றார். அந்தப் பத்து நிமிடத்தில் டயர் காற்றும் எண்ணெய் மட்டமும் பார்த்து முடித்துவிடலாம். கூடுதலாக நேரம் எதுவும் போகவில்லை. வெளியூர் போகும்போது ஜாடியும் விமானத்தில் வரட்டும்.

சிலர், பெட்ரோலில் எத்தனால் இருந்தால் தண்ணீர் விட்டுக் கழுவி எடுத்துவிட்டு ஊற்றலாமே என்று கேட்கிறார்கள். வேண்டாம். ஆல்கஹால் போகும்போது ஆக்டேனும் போகும், எவ்வளவு போனது என்று அளக்க நம்மிடம் வழியில்லை. பெட்ரோலில் ஈரமும் மிஞ்சும்.

ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்கள், பிறகுதான் தெரிந்தது என்றால், பறக்காதீர்கள். அடியிலிருந்து ஒரு குவளை பிடித்துப் பார்த்துத் தெளிவாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு தொட்டிகளையும் வடிகட்டிக் கிண்ணத்தையும் கார்புரேட்டர் கிண்ணங்களையும் முழுவதும் வடித்து, கொஞ்சம் விமானப் பெட்ரோல் விட்டு அலசி வடித்துவிடுங்கள். குழாய்கள் ஊதியிருக்கின்றனவா, வடிகட்டியில் பூச்சுத் துணுக்குகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பதிவேட்டில் எழுதுங்கள். வடித்ததில் அரை லிட்டரைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, வாங்கிய நாளும் இடமும் எழுதி இருட்டான இடத்தில் வையுங்கள். கிடங்குக்கோ காப்பீட்டுக்காரருக்கோ ஆய்வகத்துக்கோ காட்ட அந்தப் புட்டி தேவைப்படும்.